லேசு என்றால் எந்த லேசு?

இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் வீட்டு அக்கா மாடியேறி வந்தார். அவருடைய அண்ணன் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "அண்ணன் எப்படி இருக்காராம்க்கா?" என்று கேட்டேன்.

"பரவால்ல தம்பி. லேசாத்தான் இருக்காம். டாக்டருங்க பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறாங்களாம். பேரனுக்குப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் அவனையும் கூட்டிட்டு நிதானமாப் போயிட்டு வரலாம்னு இருக்கேன். எதுக்கும் நீயும் ஒரு தடவ படிச்சுரு" என்று போனை நீட்டினார்.

அண்ணன் மகன் அங்கேயே வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத வராது. வாட்ஸ்அப்பில் இரண்டே வரி அனுப்பியிருந்தான். 'டாட்ஸ் கண்டிஷன் இஸ் ஸ்டில் டென்யுவஸ். தி டாக்டர்ஸ் ஆர் வாட்சிங் ஹிம் வெரி க்ளோஸ்லி.'

அக்கா நன்றாகவே இங்கிலீஷ் வாசிப்பார். தெரியாத சொல் ஒன்றே ஒன்றுதான். போனில் இருக்கும் அகராதியில் தட்டிப் பார்த்திருக்கிறார். 'மெல்லிய, லேசான, அற்பமான' என்று வந்திருக்கிறது. நோயைப் பற்றிய பேச்சில் 'லேசான' என்றால் நமக்கு என்ன தோன்றும்? லேசான காய்ச்சல், லேசான தலைவலி. ஒரு கஷாயம் வைத்துக் குடித்தால் போதும்.

அகராதி பொய் சொல்லவில்லை. டென்யுவஸ் என்றால் மெல்லிய, லேசான என்றுதான் பொருள். ஆனால் தமிழில் லேசு இரண்டு வகை. 'காயம் லேசுதான்' என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 'வேட்டி துவைத்துத் துவைத்து லேசாப் போச்சு' என்றால் அடுத்த தடவை பிழியும்போது கிழிந்துவிடலாம்.

"அக்கா, இது நீங்க நெனைக்கிற லேசு இல்ல."

"பின்ன எந்த லேசு?"

சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இன்னிக்கே டிக்கெட் கிடைக்குமா தம்பி?" என்றார்.

அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்குப் போனபோது எடுத்த விசா இன்னும் செல்லுபடியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இரவு விமானத்தில் இடம் கிடைத்தது. மீதியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம்.

டி, இ, என், யு, ஓ, யு, எஸ். இதுதான் எழுத்து. உச்சரிக்கும்போது 'டென்' என்ற முதல் அசையில் அழுத்தம் விழ வேண்டும்: டென்-யு-வஸ். 'டினூவஸ்' என்று நடுவில் அழுத்திச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல.

லத்தீனில் 'டெனுயிஸ்' என்றால் மெல்லியது. அதற்கும் பின்னால் போனால், இழு, நீட்டு என்று பொருள்படும் மிகப் பழைய வேர் ஒன்று இருக்கிறது. எதையும் பிடித்து இழுத்தால் நீளும், நீண்டால் மெலியும். இங்கிலீஷில் 'தின்' என்ற சாதாரணச் சொல்லும் அந்த வேரில் முளைத்ததுதான். இழுத்துக் கட்டுகிற 'டெண்ட்', நாம் நாளுக்குப் பத்து தடவை ஆகிற 'டென்ஷன்' எல்லாம் ஒரே குடும்பம்.

சமஸ்கிருதத்தில் நூலிழைக்கு 'தந்து' என்று பெயர். அதுவும் இந்த வேர்தான். அதே வழியில் தமிழுக்கு வந்தது 'தந்தி'. முதலில் வீணையின் கம்பி, பிறகு கம்பி வழியாக வந்த செய்தி. தபால்காரர் தந்தியோடு வாசலில் நின்றால் வீடே நடுங்கும். 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று நாலு சொல் இருக்கும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் யாரும் சுற்றி வளைத்து எழுதவில்லை. 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுபோனது. அந்த நாலு சொல் தந்தி வந்திருந்தால் கீழ் வீட்டு அக்காவுக்கு அகராதியே தேவைப்பட்டிருக்காது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆக, டென்யுவஸ் என்றதும் மனதில் வர வேண்டியது, இழுத்து இழுத்து மெலிந்துபோன ஒரு நூல். இன்னும் அறவில்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் அறலாம்.

இந்தச் சொல் அதிகமாகப் புழங்குவது தொடர்பைப் பற்றிய பேச்சில். 'தேர் இஸ் ஒன்லி எ டென்யுவஸ் கனெக்ஷன் பிட்வீன் தி டூ ஈவெண்ட்ஸ்' என்றால், இரண்டு சம்பவங்களுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். நம்மிடம் இதற்கு அழகான பேச்சு உண்டு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது. அப்படி முடிச்சுப் போடுகிறவரிடம் மரியாதையாக மறுக்க வேண்டுமென்றால், 'சார், தட் லிங்க் சீம்ஸ் எ பிட் டென்யுவஸ்' என்று சொல்லலாம். ஆபீஸ் மீட்டிங்கில் நன்றாக வேலை செய்யும். 'நீங்கள் சொல்வது தப்பு' என்பதைவிடக் காரம் குறைவு, ஆனால் கேட்பவருக்கு உறைக்கும்.

உறவுமுறைக்கும் பொருந்தும். கல்யாண வீட்டில் ஒருவர் வந்து, "என்னைத் தெரியலையா? உங்க சித்தப்பாவோட மச்சினியோட ஓரகத்திக்கு நான் ஒன்றுவிட்ட தம்பி" என்று கையைப் பிடித்துக்கொள்வார். 'ஹி இஸ் ரிலேட்டட் டு அஸ், பட் தி கனெக்ஷன் இஸ் டென்யுவஸ்.' அவர் வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் தேடும்போது மட்டும் அந்தக் கனெக்ஷன் எப்படியோ இறுகிவிடும். அதற்கு இங்கிலீஷில் சொல் இல்லை.

அடுத்தது பிடிமானம். 'டென்யுவஸ் ஹோல்டு', 'டென்யுவஸ் கிரிப்' என்று செய்திகளில் அடிக்கடி வரும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஒரு ஓட்டு. அந்த அரசின் கடைசி வாரங்களைப் பற்றி எழுதினால், 'தி கவர்ன்மெண்ட் ஹேட் எ டென்யுவஸ் ஹோல்டு ஆன் பவர்' என்று எழுதலாம். தோற்ற வித்தியாசத்தைச் சொல்ல இந்தச் சொல் கூடாது. அதற்கு 'ஸ்லெண்டர்': 'இட் லாஸ்ட் பை தி ஸ்லெண்டரஸ்ட் ஆஃப் மார்ஜின்ஸ்'. ஒரு ஓட்டு என்பது குறைவான அளவு. அறுந்து விழக் காத்திருக்கும் நூல் அல்ல. எண்ணிவிடக்கூடிய குறைவுக்கு ஸ்லெண்டர், எந்த நேரமும் கைவிட்டுப் போகக்கூடிய பிடிக்கு டென்யுவஸ்.

இலங்கையில் 2002 பிப்ரவரியில் போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. 2006-லேயே பெரிய அளவில் சண்டை தொடங்கிவிட்டது. அரசு முறைப்படி விலகியது 2008 ஜனவரியில். நடுவில் காகிதத்தில் மட்டும் இருந்த அந்த அமைதியை 'எ டென்யுவஸ் பீஸ்' என்று சொன்னால், அங்கே வாழ்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டியிருக்காது.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு சொற்கள் உங்கள் வீட்டுக்கே வந்திருக்கும். போலியோ சொட்டு மருந்தில் இருப்பது 'அட்டென்யுவேட்டட்' வைரஸ், அதாவது வீரியம் மெலிய வைக்கப்பட்ட கிருமி. பிரிட்டனில் படிக்கப் போன பிள்ளைகளுக்கு 'எக்ஸ்டென்யுவேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்' தெரிந்திருக்கும். உடம்பு சரியில்லாமலோ வீட்டில் துக்கம் நடந்தோ பரீட்சை எழுத முடியாமல் போனால் பல பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயரில் ஒரு விண்ணப்பம் தர வேண்டும். தப்பின் கனத்தை மெலிய வைக்கும் சூழ்நிலைகள் என்று அர்த்தம்.

இப்போது 'ஃப்ளிம்ஸி'. இதையும் டென்யுவஸையும் அகராதி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். பழகிப் பார்த்தால் வேறு வேறு ஆட்கள். ஃப்ளிம்ஸி என்பது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாமான்களுக்கும் வரும். மாமா உட்கார்ந்ததும் காலை விரிக்கிற பிளாஸ்டிக் நாற்காலி ஃப்ளிம்ஸி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ல் தடை வந்தபோது நாம் கைவிட்ட, சில கடைகள் இன்னும் கைவிடாத அந்த மெல்லிய கேரி பேக் ஃப்ளிம்ஸி. 'தி பேக் வாஸ் ஸோ ஃப்ளிம்ஸி தட் தி டொமேட்டோஸ் ஃபெல் அவுட்.' இங்கே டென்யுவஸ் போட்டால் சிரிப்பார்கள்.

சாமானைத் தாண்டினால் ஃப்ளிம்ஸிக்குப் பிடித்த இடம் சாக்கு. 'ஹி கேவ் எ ஃப்ளிம்ஸி எக்ஸ்க்யூஸ்.' தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது, சப்பைக்கட்டு. தொட்டதும் சரிகிற காரணம். கோர்ட் தீர்ப்புகளில் 'ஃப்ளிம்ஸி கிரவுண்ட்ஸ்' என்று பார்க்கலாம். வாய்தா கேட்டவர் சொன்ன காரணத்தை நீதிபதி நம்பவில்லை என்று அர்த்தம்.

எனவே இந்தச் சொல்லில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. வாசகர் ஒருவர் லீவ் லெட்டரில் 'டியூ டு ஃப்ளிம்ஸி ஃபீவர்' என்று எழுதி அனுப்பிவிட்டு, மேனேஜர் ஏன் ஒரு மாதிரி பார்த்தார் என்று கேட்டிருந்தார். சார், நீங்கள் லேசான காய்ச்சல் என்று நினைத்து எழுதினீர்கள். அவர் 'சப்பைக் காய்ச்சல்' என்று படித்தார்.

அங்கே வந்திருக்க வேண்டியது 'ஸ்லைட்' அல்லது 'மைல்டு'. 'ஐ ஹேவ் எ ஸ்லைட் ஃபீவர்.' கீழ் வீட்டு அக்கா மனதில் இருந்த லேசு இதுதான். ஸ்லைட் என்றால் அளவு கொஞ்சம், அவ்வளவே. ஆபத்து இருக்கிறதா, அறுந்துவிடுமா என்ற கவலையெல்லாம் அந்தச் சொல்லில் இல்லை. ஒருவரை 'ஷி இஸ் ஸ்லைட்' என்றால் சின்ன உடல்வாகு. அதையே கொஞ்சம் பாராட்டாகச் சொல்ல 'ஸ்லெண்டர்'. ஆளைப் பார்த்து 'டென்யுவஸ்' என்று சொல்லிவிடாதீர்கள், உடம்பு ஒல்லி என்ற அர்த்தத்தில் அது வராது.

ஸ்லைட் வினைச்சொல்லாகவும் வரும். அப்போது அது கொஞ்சமும் லேசான விஷயம் இல்லை. ஒருவரை மதிக்காமல் விட்டுவிடுவது. 'தே ஃபெல்ட் ஸ்லைட்டட் பிகாஸ் தி இன்விடேஷன் கேம் ஒன்லி ஆன் வாட்ஸ்அப்.' நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்கள் என்று எத்தனை வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது!

உங்களுக்கு மூன்று வாக்கியம். இடைவெளியில் எது வரும் என்று யோசியுங்கள். ஒன்று, பூனை குறுக்கே போனதற்கும் எனக்குப் பஸ் தவறியதற்கும் இருக்கும் லிங்க். இரண்டு, ஆணி அடித்ததும் ஆடுகிற ஷெல்ஃப். மூன்று, தேங்காய் விலையில் ஒரு ரூபாய் ஏற்றம். டென்யுவஸ் லிங்க், ஃப்ளிம்ஸி ஷெல்ஃப், ஸ்லைட் இன்க்ரீஸ் என்று சொன்னவர்கள் மேலே போகலாம். பூனைக்கு ஃப்ளிம்ஸி போட்டவர்களுக்கும் அரை மார்க் உண்டு.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். அமெரிக்க டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் டென்யுவஸ் என்று எழுதுவது வழக்கம். 'ரெஸ்பிரேட்டரி ஸ்டேட்டஸ் ரிமெயின்ஸ் டென்யுவஸ்' என்றால், மூச்சு ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த நேரமும் மோசமாகலாம், கண்ணை எடுக்காதீர்கள் என்று அடுத்த ஷிஃப்ட்டுக்குச் சொல்வது. அண்ணன் மகன் டாக்டர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே அனுப்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா அந்த நிலையில் இருக்கும்போது யார் சொல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்?

இரண்டாவது வரியையும் அக்கா ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார். டாக்டர்கள் 'க்ளோஸ்லி' பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் நல்லதுதானே? நன்றாக இருக்கிறவரை அப்படிக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் உண்மை.

இப்படி நம்மை ஏமாற்றும் சொற்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் உண்டு. 'ஸ்டேபிள்' என்றதும் நாம் சாமிக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிடுகிறோம். ஸ்டேபிள் என்றால் குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிறார். 'கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்' என்றே சொல்வார்கள். அபாயக் கட்டம்தான், அதற்கு மேல் மோசமாகவில்லை. 'ப்ராக்னோசிஸ் இஸ் கார்டட்' என்றால் பாதுகாப்பாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பிழைப்பார் என்று வாக்குக் கொடுக்க டாக்டர் தயாராக இல்லை. மாறாக, ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அன்ரிமார்க்கபிள்' என்று பார்த்துப் பதறிப்போய் எனக்கு எழுதியவர்கள் உண்டு. குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றுமில்லை, எல்லாம் சாதாரணமாக இருக்கிறது என்பதுதான் அது. நிம்மதியாகத் தூங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து இப்படி ஒரு மெசேஜ் வந்தால் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். 'ஷுட் ஐ கம் நௌ, ஆர் கேன் இட் வெயிட்?' இப்போதே வரட்டுமா, பொறுத்து வரலாமா? இதற்கு வருகிற பதிலில் லேசு, கனம் என்ற குழப்பம் இருக்காது. போன் செய்து தமிழிலேயே கேட்டாலும் சரி. அங்கே நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வீட்டில் யாரும் தூங்கிக்கொண்டிருக்கப் போவதில்லை.

அக்கா போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு நினைவு இருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ட்ரிப்ஸ். "பேரனக் கூட்டிட்டு லீவுலதானே வர்றேன்ன?" என்று கேட்டாராம். நாலு நாள் விட்டு விட்டுப் பேசியிருக்கிறார்கள். அம்மா செய்யும் சுண்டவத்தல் குழம்பு, சின்ன வயதில் விற்றுவிட்ட பசுமாடு, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எல்லாம். ஐந்தாம் நாள் வென்டிலேட்டர் வைத்தார்கள். எட்டாம் நாள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து போன வாரம்தான் திரும்பினார். துக்கம் கேட்கப் போனபோது, "அந்த வார்த்தையப் பத்தி உன் பத்தியில எழுதுப்பா. என்னைய மாதிரி இன்னும் யாராச்சும் லேசுன்னு இருந்துறப் போறாங்க" என்றார். எழுத்தைக் கேட்டு, டி, இ, என் என்று காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் போன் சிணுங்கியது. அண்ணன் மகன்தான். இந்தத் தடவை இங்கிலீஷ் எழுத்தில் தமிழையே தட்டியிருந்தான். 'அத்தை, சாப்ட்டீங்களா? அப்பா சட்டை ஒண்ணு பார்சல் அனுப்பிருக்கேன்.'